புழு இருந்தால் மண் நல்லதா? கும்மிடிப்பூண்டிக்கு இரண்டு பயணங்கள்

மண்புழு சேகரிக்கக் கும்மிடிப்பூண்டிக்கு எப்படிப் போவது, எந்த மாதம் போவது, யாரிடம் அனுமதி கேட்பது என்று மாதத்துக்கு நாலு பேராவது எனக்கு எழுதுகிறார்கள். பெரும்பாலும் ஆய்வு மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இனிமேல் யார் கேட்டாலும் இந்தப் பதிவின் முகவரியை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: சென்னையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். மீதி நேரத்தில் ஆராய்ச்சி. மண்ணில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் கலந்தால் மண்புழுவின் உடம்புக்குள், அதன் செல்களுக்குள், என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. வீட்டில் இதற்குப் பெயர் புழு வேலை. அதற்காகக் கடந்த நவம்பர் கடைசியில் ஒருமுறையும், பொங்கல் முடிந்த அடுத்த வாரம் ஒருமுறையும் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போனேன். முதல் பயணம் புழு பிடிக்க. இரண்டாவது, முதல் பயணத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சரிசெய்ய. வழி மட்டும் வேண்டுமென்றால் கடைசிப் பகுதிக்குத் தாவிவிடலாம். முழுதும் படித்தால் நல்லது, ஏனென்றால் அந்தத் தப்பை நீங்களும் செய்வீர்கள்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுத்த விதம். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது போனால் குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும். கோடையில் போனால் புழு ஆழத்துக்குப் போய்ச் சுருண்டு தூங்கும். பெரிய மழை விட்டு நாலு நாள் கழித்து, மண் உருண்டை பிடிக்கிற ஈரத்தில் போக வேண்டும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அமைந்தது.

சுத்தமான மண்ணிலிருந்தும் புழு வேண்டும், இல்லாவிட்டால் எதோடு எதை ஒப்பிடுவது? அதற்குத் திருவாலங்காட்டைத் தேர்ந்தெடுத்திருந்தேன். சென்ட்ரலிலிருந்து 6.10 அரக்கோணம் வண்டி. ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு நாலைந்து கிலோமீட்டர் ஷேர் ஆட்டோவில் போக வேண்டும். கோயிலுக்கு வந்த கூட்டத்தோடு நானும் கடப்பாரையும் பிளாஸ்டிக் டப்பாக்களுமாக உட்கார்ந்திருந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை, ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருப்பார்கள். முன்பே போனில் அனுமதி கேட்டிருந்த விவசாயி வரப்போரமாக ஒரு இடத்தைக் காட்டினார். பத்தரை மணிக்குள் நாற்பது புழு கிடைத்துவிட்டது. விரல் நீளத்துக்கு மேல், கனமாக, கொழுகொழுவென்ற புழுக்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வீட்டில் இருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை கும்மிடிப்பூண்டி. அதே சென்ட்ரல், வேறு பாதை. நாற்பத்தேழு கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய், ஒன்றே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். காலை ஷிஃப்ட்டுக்குப் போகிற கூட்டம் ஏறுமுன் ஏறிவிட்டால் உட்கார இடம் கிடைக்கும். ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆட்டோ நின்றது, ஓட்டுநர் பெயர் பாபு. பாபுவுக்கு ஊர் எளாவூர், வீட்டில் தெலுங்கு, வெளியில் நம் தமிழ். நாள் முழுக்கக் காத்திருக்க எழுநூறு ரூபாய் என்று பேசிக்கொண்டோம். புழு பிடிக்க வந்திருக்கிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தூண்டிலுக்கா மேடம்? எங்க நைனாவும் நானும் ஞாயித்துக்கெழம ஆனா ஏரிக்குப் போய்டுவோம். புழு எங்க கெடைக்கும்னு எனக்கு அத்துப்படி."

தூண்டிலுக்கு இல்லை, ஆராய்ச்சிக்கு என்று சொன்னேன். அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருந்தாலும் ஆலைகள் பக்கத்தில் புழு நிறைய இருக்கிற இடம் வேண்டும் என்றதும் யோசிக்கவே இல்லை. "கீரக்கார எஸ்தரக்காவாண்ட போலாம்" என்று வண்டியைத் திருப்பினார். ஸ்டேஷனிலிருந்து மூன்றரை கிலோமீட்டர். வழியில் நாஷ்டாவுக்கு நிறுத்தினோம். இட்லி சுமார், வடகறி பிரமாதம்.

எஸ்தரின் நிலம் பத்து சென்ட் இருக்கும். ஒரு பக்கம் ஆலைச் சுவர், மறுபக்கம் தொழிலாளர் வீடுகள். குடும்பமே ஒருகாலத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தது. பிறகு எல்லோரும் ஆலைக்குப் போனார்கள். எஸ்தர் எட்டு வருஷம் ஒரு ஆலையில் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை பார்த்துவிட்டு, போன வருஷம் விட்டுவிட்டு, இந்த இடத்தில் அரைக்கீரையும் சிறுகீரையும் போட்டிருந்தார். மாட்டுச் சாணம், காய்கறிக் கழிவு எல்லாம் கொண்டுவந்து கொட்டி, தினமும் தண்ணீர் விட்டு, பாத்தி கட்டி வைத்திருந்த ஒழுங்கைப் பார்த்து நான் அசந்துபோனேன். பகல் இரண்டு மணி ஷிஃப்ட் விடும்போது கூடையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்பாராம். ஒரு மணி நேரத்தில் கூடை காலி.

முப்பது சென்டிமீட்டருக்கு முப்பது என்று சதுரம் அளந்து, மண்ணை வெட்டித் தார்ப்பாயில் போட்டு, கையால் உதிர்த்துப் புழு பொறுக்க வேண்டும். அதற்கும் கீழே இருக்கிறவை மேலே வரக் குழிக்குள் கடுகுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பத்து லிட்டர் தண்ணீருக்கு அறுபது கிராம் கடுகுத் தூள். புழு உடம்பு எரிந்து தானாக வெளியே வரும். நான் கடுகைக் கரைப்பதைப் பார்த்து எஸ்தர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னா டீச்சரு, கருவேப்பில எதுனா வோணுமா? பறிச்சாந்து தரவா?"

சிரித்துக்கொண்டே தோண்டினோம். அந்த ஒரு சதுரத்தில் வந்த புழுக்களைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்ணிக்கையில் திருவாலங்காட்டைவிட அதிகம். ஆலைப் பக்கத்தில் பத்து குழி தோண்டி ஒன்றிரண்டு புழுவோடு திரும்பிய அனுபவம் எனக்கு நிறைய உண்டு. இங்கே டப்பா நிறைந்துவிட்டது.

பாபு மட்டும் குனிந்து ஒரு புழுவை விரலில் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது தூண்டிலுக்கு ஆவாது மேடம். நூலு மாதிரி கீது. முள்ளுல குத்தினா நிக்காது. நான் இங்க புழு எடுக்கறதே இல்ல."

நமக்கு அது தூண்டிலுக்கு இல்லையே என்று சொல்லிவிட்டேன். மண்ணில் புழுவின் முட்டைக்கூடுகள் கடுகு அளவில் மஞ்சளாக இருக்கும். அவற்றையும் எண்ண வேண்டும். மிகக் குறைவாக இருந்தன. "மழை காரணமாக இருக்கலாம்" என்று நோட்டில் எழுதினேன். அந்த வரி இன்னும் என் நோட்டில் இருக்கிறது. அடித்துவிடாமல் வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் எஸ்தரின் மகள் ஜெனிபர் மோர் கொண்டுவந்தாள். அடுத்த தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஐந்து மாதக் கர்ப்பம். ரத்தம் கம்மி என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். எஸ்தர் தினமும் ஒரு கட்டுக் கீரையைக் கடைந்தோ பொரித்தோ கொடுத்து அனுப்புவார். மாமியாருக்குத்தான் சந்தேகம். எஸ்தர் என்னிடம் நேராகவே கேட்டார்.

"டீச்சரு, நீங்க படிச்சவங்க. கம்பெனி செவுத்தாண்ட வெளயற கீரய வயித்துப் புள்ளக்காரிக்குக் குடுக்காதன்னு அவ மாமியாரு சொல்லிக்கினே இருக்குது. குடுக்கலாமா, வோணாமா?"

என் உள்ளங்கையில் ஒரு புழு நெளிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டிச் சொன்னேன்: "இவ்வளவு மண்புழு இருக்கிற மண்ணுல என்னங்க கெடுதல் இருக்கப்போவுது? தாராளமா குடுங்க."

அதைச் சொன்ன என்னை இப்போது நினைத்தால் ஓங்கி ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது. உலோகம் கலந்த மண்ணில் மண்புழு எப்படிப் பிழைக்கிறது என்று ஆராயப் போனவள், புழு பிழைத்திருக்கிறது, அதனால் மண் நல்லது என்று சொல்லிவிட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து உழவனின் நண்பன், உழவனின் நண்பன் என்று படித்ததும் நடத்தியதும் நாக்கில் அப்படியே உட்கார்ந்திருந்தது. டப்பா நிறைந்த சந்தோஷம் வேறு. எஸ்தர் மகளைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். கிளம்பும்போது எனக்கும் ஒரு கட்டு அரைக்கீரை கொடுத்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதைக் கடைந்து, வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டோம்.

புழுவைக் கொண்டுவந்த பிறகு செய்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பங்கை உடனே உறையவைத்துவிட வேண்டும், ஜீன்கள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தனவோ அப்படியே பிடித்துவைக்க. இன்னொரு பங்கை ஈரமான வடிதாளில் இரண்டு நாள் வைத்துக் குடலில் உள்ள மண்ணை வெளியேற்றவிட வேண்டும். தாளைத் தினமும் மாற்றாவிட்டால் வெளியேற்றியதையே திரும்பத் தின்னும். குடலில் மண் இருந்தால் புழுவில் இருக்கும் உலோகம் எது, மண்ணில் இருக்கும் உலோகம் எது என்று பிரிக்க முடியாது.

எடை போட்டபோதே பாபு சொன்னது ஞாபகம் வந்தது. ஒரே இனம், இரண்டும் கழுத்துப் பட்டை வந்த முதிர்ந்த புழுக்கள். ஆனால் எஸ்தரின் நிலத்துப் புழு திருவாலங்காட்டுப் புழுவுக்கு முன்னால் நூல்தான். ஒருவர் விரலால் பார்த்துச் சொன்னதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆய்வகத் தராசு தேவைப்பட்டது.

பிறகு ஜீன். மெட்டலோதயோனின் என்று ஒரு சிறிய புரதம் உண்டு. காட்மியம் உடம்புக்குள் வந்தால், அதைச் செய்யச் சொல்லும் ஜீனை மண்புழு முடுக்கிவிடும். அந்த ஜீன் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பதை ஒரு கருவி திரையில் கோடாக வரைந்து காட்டும். கோடு எவ்வளவு சீக்கிரம் மேலே எழுகிறதோ அவ்வளவு மும்முரம். திருவாலங்காட்டுக் கோடு சாவகாசமாக எழுந்தது. எஸ்தரின் நிலத்துக் கோடு ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே செங்குத்தாக ஏறிவிட்டது. கருவியில் கோளாறு என்று நினைத்து மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அப்படியே. குடலைச் சுற்றி இருக்கும் மஞ்சள் செல்களில் ஈயம் சுண்ணாம்போடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து பொடிப் பொடி மணிகளாகக் குவிந்திருந்தது. புழுக்கள் நலமாக இல்லை. ராப்பகலாக விஷத்தைக் கட்டிக் கட்டி மூலையில் அடுக்கிக்கொண்டு உயிரோடு இருந்தன.

ஜெனிபரின் வயிறுதான் கண்முன் வந்தது. புழுவைப் பற்றித் தெரிந்தால் கீரையைப் பற்றித் தெரிந்ததாக ஆகாது, இரண்டாவது முறையும் அவசரப்படக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாபுவுக்குப் போன் செய்தேன். எஸ்தரிடம் ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன். பரிசோதனை முடியும்வரை மகளுக்குக் கீரை கொடுக்க வேண்டாம் என்று எஸ்தரிடம் சொல்லச் சொன்னேன். பாபு கீரையை வாங்கிக்கொண்டு, அதை அப்படியே சொல்லியிருக்கிறார். எஸ்தர் நம்பவில்லை. "டீச்சரே எதிர்ல நின்னு குடுன்னு சொன்னாங்க, நீ யார்ரா சொல்றதுக்கு" என்று அவரை அனுப்பிவிட்டார். எஸ்தரிடம் போன் கிடையாது, பாபுவின் போனில் கூப்பிட்டுப் பேசவும் எனக்குத் தோன்றவில்லை. நான் அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். கீரையையும் முதல் பயணத்தில் எடுத்துவந்த மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரட்டும் என்று ஒன்பது நாள் காத்திருந்தேன். அது இரண்டாவது தப்பு.

முடிவு வந்தது. மண்ணில் ஈயமும் காட்மியமும் அதிகம். கீரையிலும் உணவுக்கான வரம்பைத் தாண்டி இருந்தது. மறுநாள் புதன்கிழமை, கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு 11.25 வண்டியைப் பிடித்தேன். மழைக்காலம் முடிந்து வழியெல்லாம் வெயில் பளிச்சென்று இருந்தது. வெளியே பார்க்கவே பிடிக்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் பாபு காத்திருந்தார். வண்டியை எடுத்துக்கொண்டே, "நானும் சொன்னேன் மேடம், அக்கா காதுலயே வாங்கல. ஒரே பேஜாரு" என்றார். நிலத்தில் எஸ்தர் கீரை அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கூடை முக்கால்வாசி நிறைந்திருந்தது. வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. நான் அன்று சொன்னது தப்பு, மண்ணில் ஈயம் இருக்கிறது, கீரையில் இருக்கிறது, ஜெனிபருக்கு இனி ஒரு இலைகூடக் கொடுக்கக் கூடாது, ரத்தம் பார்க்க வேண்டும்.

எஸ்தர் அரிவாளைக் கீழே வைத்தார்.

"ரெண்டு மாசமா தெனம் குடுத்துக்கினு இருக்கேன்" என்றார். "மாமியாகாரி வாய அடக்கி வச்சதே நீங்க சொன்ன சொல்லுதான். டீச்சரே சொல்லிட்டாங்க, டீச்சரே சொல்லிட்டாங்கன்னு. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லி இருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருக்கணும்" என்றேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அழுதால் அவர் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். அது அநியாயம்.

பிறகு மண்ணைப் பற்றிக் கேட்டேன். இந்த இடம் முன்னால் பள்ளமாக இருந்ததாம். எஸ்தர் வருவதற்கு முன்பே யாரோ லாரி லாரியாக ஸ்லாக்கு, அதாவது உலைக் கழிவு, கொண்டுவந்து கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். ஓசியில் மேடாகிறதே என்று யாரும் கேட்கவில்லை. எந்த ஆலை என்று யாருக்கும் தெரியாது, என் புழுவும் அதைச் சொல்லாது. அதன்மேல்தான் எஸ்தர் ஒரு வருஷமாகச் சாணம் கொட்டி மண்ணை உண்டாக்கியிருக்கிறார். அந்தச் சாணத்துக்குத்தான் அத்தனை புழுவும் வந்திருக்கிறது.

அன்றைக்கு உங்கள் கீரையை என் வீட்டிலும் சாப்பிட்டோம் என்று சொன்னேன். எஸ்தர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வேளதான?" என்றார். பிறகு எழுந்து கூடையிலிருந்த கீரையை வரப்போரம் கொட்டிவிட்டு, முந்தானையை உதறி இடுப்பில் சொருகி, காலிக் கூடையை எடுத்துக்கொண்டார். "மணி ஒன்ற ஆவுது. ஷிப்டு உடப்போறாங்க. வாங்க."

எங்கே என்றேன்.

"நீங்க சொன்னத நான் பஸ்டாப்புல அத்தன பேருக்கும் சொல்லி வித்திருக்கேன். புழு நெளியற மண்ணு, காலேஜு டீச்சரே பாத்து சொன்னதுன்னு. இப்ப நான் போயி வோணாம்னு சொன்னா, எவனோ காசு குடுத்து சொல்ல வுட்டான்னு சொல்லுவாங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

இருபத்திரண்டு வருஷம் வகுப்பெடுத்திருக்கிறேன். அந்த எண்ணூறு மீட்டர் நடந்தபோது இருந்த படபடப்பு எனக்கு எந்த வகுப்பிலும் வந்ததில்லை. 2.10-க்கு ஷிஃப்ட் விட்டது. நீலச் சட்டை மாட்டிய பெண்கள் கும்பலாக வந்தார்கள். எஸ்தர் காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு, "இன்னிக்குக் கீர இல்ல. இவங்கதான் அந்த டீச்சரு. கேளுங்க" என்றார்.

சொன்னேன். முதலில் தப்பு என்னுடையது என்று சொன்னேன். உடனே கேள்வி வந்தது: "வெசம் இருந்தா புழு செத்திருக்கணும் இல்ல? அதான் சாவலியே?"

முன்னால் நின்ற பெண்ணின் தாலிச் சரட்டில் ஏழெட்டு ஊக்குகள் கொத்தாகத் தொங்கின. அதைக் கேட்டு வாங்கிக் கையில் பிடித்துக் காட்டினேன். "புழுவோட உடம்புல இந்த மாதிரி ஊக்கு ஊக்கா ஒரு புரதம் உண்டு. காட்மியம் உள்ள வந்தா ஒவ்வொரு ஊக்கும் ஒண்ணைப் பிடிச்சுக் கவ்விக்கும். மத்த இடத்துக்குப் போகவிடாது. ஈயத்தைத் தனியா மூட்டை கட்டிக் குடல் ஓரமா வச்சுக்கும். அதனாலதான் சாகல. ஆனா ஊக்கு செஞ்சு செஞ்சே அது தின்னதெல்லாம் செலவாயிடுது. உடம்பு வளரல, முட்டை போடவும் தெம்பில்ல."

"நம்ம ஒடம்புல அந்த ஊக்கு கெடையாதா?" என்று ஒரு பெண் கேட்டாள். கல்லூரியில் இந்தக் கேள்வியை எந்த மாணவரும் கேட்டதில்லை.

"இருக்கு. ஆனா ஈயத்துக்கு அது போதாது. வயித்துல பிள்ளை இருந்தா அதுக்கும் போய்ச் சேர்ந்துடும்."

ஒருத்தி தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன் வீட்டில் யார் யார் சாப்பிட்டார்கள் என்று விரல்விட்டு எண்ணினாள். ஊக்கின் சொந்தக்காரி அதைத் திரும்ப வாங்கிச் சரட்டில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நாங்களுந்தான் பத்து வருசமா சாவாம வேல செஞ்சிக்கினு கீறோம் டீச்சரு. அத்தப் பாத்துட்டு, இது நல்ல ஊருன்னு எதுலயாவது எழுதிடாதீங்க."

எழுத மாட்டேன் என்றேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். எஸ்தர் கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு என்னோடு நடந்து வந்தார். பாதி வழியில், "திங்காம விக்கிறது எதுனா போடலாமா அதுல? கனகாம்பரம் வருமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நான் தெரியாது என்று சொன்னதை அவர் கவனித்தது எனக்குத் தெரிந்தது.

அந்த வாரமே ஜெனிபரைச் சென்னைக்கு வரவழைத்து ரத்தப் பரிசோதனை செய்தோம். ஈயம் இருந்தது. மருந்து கொடுத்து இறக்க வேண்டிய அளவு இல்லை என்றார் டாக்டர். கீரையை நிறுத்தியதுதான் பெரிய வைத்தியம், சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் ஒரு நாள் விடாமல் சாப்பிட வேண்டும், பிறந்த பிறகு குழந்தையின் ரத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார். மாமியார் கூடவே வந்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததே பெரிது என்று நினைத்துக்கொண்டேன்.

மண் முடிவுகளையும் கீரை முடிவுகளையும் மனுவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். எஸ்தர் கையெழுத்துப் போட்டார், பஸ் ஸ்டாப் பெண்களில் பதினொரு பேர் போட்டார்கள். ஊக்குக்காரியின் கையெழுத்துதான் முதலில் இருக்கிறது.

இனி, போகப்போகிறவர்களுக்கு. அனுமதியை நிலத்துக்காரரிடமே கேளுங்கள். கும்மிடிப்பூண்டியில் தங்க வேண்டிய அவசியமில்லை, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். ரயில் நேரங்கள் மாறும், முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோவைக் காத்திருப்போடு சேர்த்துப் பேசுங்கள், ஓட்டுநர் தூண்டில் போடுகிறவரா என்றும் கேளுங்கள். புழுவைப் பற்றி அவர் எது சொன்னாலும் நோட்டில் எழுதுங்கள். கடுகை வீட்டிலேயே அரைத்துக்கொண்டு போங்கள். கையுறை கட்டாயம். டப்பாக்களில் ஊர்ப்பெயரை மூடியில் எழுதாமல் உடம்பில் எழுதுங்கள், மூடி மாறிவிடும். குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். ஆர்.கே.பேட்டை பக்கத்திலிருந்தும் ஒப்பீட்டுக்கு மண் எடுக்கலாம், ஆனால் திருவாலங்காடு அளவுக்கு ரயில் வசதி இல்லை.

முக்கியமானது ஒன்று. குழி தோண்டும்போது நிலத்துக்காரர் உங்களிடம் நிச்சயம் கேட்பார், மண் எப்படி இருக்கிறது என்று. உங்கள் கையில் ஒரு புழு நெளிந்துகொண்டிருக்கும், வாயில் ஒரு நல்ல வார்த்தை வரும். அதை முழுங்கிவிடுங்கள். தெரியாது, பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி வந்து சொல்லவும் செய்யுங்கள். முடிவு வந்ததும் போக ஒரு நாளை இப்போதே ஒதுக்கிவையுங்கள்.

போன வாரம் வகுப்பில் இருந்தபோது பாபுவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது எஸ்தர். ஜெனிபருக்குப் பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. நான் சந்தோஷத்தில் வராந்தாவுக்கு வந்து, குழந்தை நல்லா இருக்கா என்று கேட்டேன்.

"பாத்தா நல்லாத்தான் கீறா" என்றார் எஸ்தர். "ஆனா சும்மா கண்ணால பாத்து சொல்றது வோணாம் டீச்சரு. வர்ற திங்கக்கெழம ரத்தம் எடுக்கறாங்க. ரிசல்ட்டு வந்தப்புறம் சொல்றேன்."